0.99-உம் 1.17-உம்

முதியோர் தவறி விழுவதைத் தடுப்பது குறித்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டவர் ஒரு மூத்த பிசியோதெரபிஸ்ட். மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் மாதம் ஒருமுறை கூடி, ஏதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து வரிவரியாகப் படிப்பார்கள். புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னையும் அழைப்பார்கள். அன்று எடுத்துக்கொண்டது, சிட்னியில் நடத்தப்பட்டு 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த 'லைஃப்' ஆய்வு. எழுபது வயதைக் கடந்து, முந்தைய ஓராண்டில் இரண்டு முறையாவது விழுந்தவர்கள் அல்லது ஒருமுறை விழுந்து காயம்பட்டவர்கள் என 317 பேரை மூன்று குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரித்திருந்தார்கள். முதல் குழுவுக்கு, சமையல் மேடை அருகே ஒற்றைக் காலில் நிற்பது, கீழே இருப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குவது என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே சமநிலைப் பயிற்சியையும் வலுவூட்டலையும் நுழைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் குழு, கணுக்காலில் எடை கட்டிச் செய்வது உள்ளிட்ட வழக்கமான பயிற்சிகளை வாரம் மூன்று முறை செய்தது. மூன்றாவது ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு மென்மையான உடல் அசைவுகள் மட்டும்.

ஓராண்டு முடிவில் மூன்று குழுக்களிலும் முறையே 172, 193, 224 முறை விழுந்திருந்தார்கள். ஓர் ஆள்-ஆண்டுக்கு, அதாவது ஒருவரை ஓராண்டு கவனித்த கணக்கில், 1.66, 1.90, 2.28. ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால் அன்றாட வேலைப் பயிற்சியின் வீத விகிதம் (விழுதல் வீதம் ஒப்பீட்டுக் குழுவினுடையதைப் போல எத்தனை மடங்கு என்ற கணிப்பு; ஒன்று என்றால் வேறுபாடு இல்லை) 0.69, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (தரவோடு பொருந்தக்கூடிய மதிப்புகளின் எல்லை) 0.48 முதல் 0.99 வரை. வழக்கமான பயிற்சியின் வீத விகிதம் 0.81, இடைவெளி 0.56 முதல் 1.17 வரை. கட்டுரையை எடுத்து விளக்கிய இளம் மருத்துவர், இந்த இரண்டு வரிகளையும் திரையில் போட்டு, முதலாவதற்குப் பச்சை நிறத்தில் சரி என்றும் இரண்டாவதற்குச் சிவப்பு நிறத்தில் தவறு என்றும் குறியிட்டிருந்தார். "முதலாவது சிக்னிஃபிகன்ட். இரண்டாவது ஒன்றைத் தாண்டிவிட்டது, ஆகவே பயன் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகவிருந்தார். இடைவெளிக்குள் ஒன்று என்ற எண் வராவிட்டால் அந்த முடிவைச் சிக்னிஃபிகன்ட், அதாவது புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது, என்று சொல்வது வழக்கம். அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் என் பக்கம் திரும்பி, "அப்படியானால் எடை கட்டிப் பயிற்சி கொடுப்பதை நான் நிறுத்திவிட வேண்டுமா, சார்?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை ஒரு சிவப்புக் குறி ரத்து செய்கிறதா என்று உண்மையாகவே அறிய விரும்பினார். கூடியிருந்தவர்களுக்கு வெளிநோயாளிப் பிரிவுக்குத் திரும்பும் நேரம் ஆகிவிட்டது. அவருக்குச் சுருக்கமாக "இல்லை" என்று மட்டும் சொன்னேன். ஏன் இல்லை என்பதை முறையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இந்தக் கட்டுரை.

ஒரே அகலம்

வீத விகிதத்தின் இடைவெளியைச் சாதாரண எண்கோட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஒரு சிறு குழப்பம் ஏற்படும். 0.69-லிருந்து 0.48 வரை இடதுபுறம் 0.21, 0.99 வரை வலதுபுறம் 0.30. இரண்டு பக்கமும் ஏன் சமமாக இல்லை? விகிதங்களுக்குக் கழித்தலைவிட வகுத்தலே இயல்பான அளவுகோல் என்பதுதான் காரணம். பாதியாகக் குறைவதும் இரட்டிப்பாவதும் ஒன்றிலிருந்து ஒரே தூரம்; 0.5-ஐயும் 2-ஐயும் மடக்கைக்கு மாற்றிப் பார்த்தால் அது தெரியும். கணிப்பு மடக்கையில் நடக்கிறது, திட்டப் பிழையும் (கணிப்பு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) அங்கேயே அளக்கப்படுகிறது, பிறகுதான் விகிதமாகத் திருப்பி எழுதுகிறோம். அதனால் இடைவெளியின் இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நடு மதிப்பு கிடைக்க வேண்டும். 0.48-ஐயும் 0.99-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 0.69 வரும். 0.56-ஐயும் 1.17-ஐயும் அப்படியே செய்யுங்கள், 0.81 வரும். புதிதாக ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது இந்தச் சரிபார்ப்பைத்தான். அச்சுப்பிழைகள் இதில் சிக்கிவிடும்.

இதே மடக்கை அளவில் இரண்டு இடைவெளிகளின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 0.99-ஐ 0.48-ஆல் வகுத்தால் 2.06. 1.17-ஐ 0.56-ஆல் வகுத்தால் 2.09. அதாவது இரண்டு ஒப்பீடுகளும் ஏறத்தாழ ஒரே அளவு துல்லியமானவை, அல்லது ஒரே அளவு துல்லியமற்றவை. இரண்டிலுமே வலது ஓரம் இடது ஓரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். வேறுபாடு எல்லாம் இவ்வளவுதான்: ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று சற்றே இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. அந்தச் சிறு தள்ளலில் அதன் வலது முனை ஒன்றுக்கு இந்தப் புறம் விழுந்துவிட்டது. 0.99 என்பது 1.01 ஆக இருந்திருந்தால் பச்சைக் குறி சிவப்பாகியிருக்கும். அதற்கு ஒப்பீட்டுக் குழுவில் ஒருசில முதியவர்கள் ஒருமுறை குறைவாக விழுந்திருந்தாலே போதும்.

பச்சை, சிவப்புக் குறிகள் அருகருகே இருக்கும்போது கண் தானாகவே இன்னொரு முடிவையும் எடுத்துவிடுகிறது: முதலாவது இரண்டாவதைவிடச் சிறந்தது. இந்த முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்டின் கேள்விக்குள் மட்டும் அது ஒளிந்திருந்தது. அதைச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு பயிற்சிகளையும் ஒன்றோடொன்று நேராக ஒப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 0.69-ஐ 0.81-ஆல் வகுத்தால் 0.85. இதன் திட்டப் பிழையைக் கட்டுரையில் உள்ள இடைவெளிகளிலிருந்தே தோராயமாக ஊகிக்கலாம்: மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய சம அளவில் ஆட்கள் இருப்பதால், இரண்டு பயிற்சிகளுக்கு இடையிலான ஒப்பீட்டின் திட்டப் பிழையும் மற்ற இரண்டு ஒப்பீடுகளின் அளவிலேயே இருக்கும். அந்தக் கணக்கின்படி இடைவெளி சுமார் 0.59 முதல் 1.23 வரை வருகிறது. அன்றாட வேலைப் பயிற்சி, எடை கட்டிய பயிற்சியைவிட விழுவதை 41 சதவீதம் அதிகமாகக் குறைக்கலாம். அல்லது 23 சதவீதம் மோசமாகவும் இருக்கலாம். எது சிறந்தது என்று சொல்ல இந்தத் தரவு போதாது. திரையில் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே தெரிந்த பெரும் பள்ளம், நேர் ஒப்பீட்டில் எங்கும் இல்லை.

எனக்குத் திருப்பமாக அமைந்தது இந்தக் கணக்குதான். வகுப்பில் நான் பல முறை சொல்லியிருக்கும் செய்தி இது. ஒன்று சிக்னிஃபிகன்ட், மற்றொன்று இல்லை என்பதாலேயே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிக்னிஃபிகன்ட் ஆகிவிடாது. ஆனால் அது விதியாகச் சொல்லப்படும்போது யாரையும் தொடுவதில்லை. ஒருவருடைய தினசரி வேலை அந்த 0.99-க்கும் 1.17-க்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான், இடைவெளியின் ஓர் ஓரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எவ்வளவு வீணானது என்று புரிகிறது. இரண்டு எண்களைக் கொண்ட ஒரு செய்தியிலிருந்து 'ஒன்றைத் தொட்டதா, இல்லையா' என்ற ஒற்றை விடையைப் பிழிந்தெடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுகிறோம்.

அந்த மீதியில் என்ன இருந்தது? வழக்கமான பயிற்சியின் 0.81, 2019-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வோடு (ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணிக்கும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை) வைத்துப் பார்த்தால் சற்றும் விசித்திரமானது அல்ல. அந்த மீளாய்வு 59 ஆய்வுகளையும் 12,981 பேரையும் சேர்த்து, உடற்பயிற்சி விழுதல் வீதத்தை 0.77 மடங்காக்குகிறது என்று கணித்தது, இடைவெளி 0.71 முதல் 0.83 வரை. சிட்னியின் 0.56 முதல் 1.17 என்ற அகன்ற கோட்டுக்குள் இந்தக் குறுகிய கோடு முழுவதுமாக அடங்கிவிடுகிறது. 'பயன் இல்லை' என்று சிவப்புக் குறி பெற்ற முடிவும், 'பயன் உண்டு' என்று உறுதியாகச் சொல்லும் தொகுப்பும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன; ஒன்று மங்கலாக, மற்றொன்று தெளிவாக. தனி ஆய்வின் இடைவெளியைத் தனியாகவே வைத்துத் தீர்ப்பளிக்கும் கூட்டங்களில், 'இதற்கு முன் நமக்கு என்ன தெரியும்?' என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

விழுந்த தடவைகளும் விழுந்த ஆட்களும்

இடைவெளியின் அகலம் எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. நிகழ்வுகள் அதிகமானால் இடைவெளி குறுகும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நிகழ்வுகள் என்பதில்தான் விழுதல் ஆய்வுகள் மற்ற ஆய்வுகளிலிருந்து வேறுபடுகின்றன. மாரடைப்பால் இறப்பவர் ஒருமுறைதான் இறக்கிறார். விழுபவர் அப்படி இல்லை. சிலர் ஒருமுறைகூட விழுவதில்லை, சிலர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை விழுகிறார்கள், பார்க்கின்சன் நோயோ வேறு நரம்புக் கோளாறோ உள்ள ஒருவர் மாதத்துக்கு நான்கு முறை விழுகிறார். ஒரே ஆளிடம் ஐந்து முறை கருத்துக் கேட்டால் அது ஐந்து பேரின் கருத்து ஆகிவிடாது.

இதற்கு நான் விரும்பிக் காட்டும் சான்று, ஆஸ்திரேலியாவில் நடந்து 2010-இல் ஜாமா இதழில் வெளிவந்த வைட்டமின் டி ஆய்வு. எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மூச்சில் 5 லட்சம் அலகு வைட்டமின் டி, மறுபாதிக்குப் போலி மாத்திரை. எலும்பு முறிவைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்கியது. நடந்ததோ தலைகீழ். வைட்டமின் எடுத்தவர்களில் 837 பேர் மொத்தம் 2,892 முறை விழுந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 769 பேர் 2,512 முறை. நூறு ஆள்-ஆண்டுக்கு 83.4-உம் 72.7-உம். வீத விகிதம் 1.15.

ஒவ்வொரு விழுதலும் மற்றதைச் சாராத தனி நிகழ்வு என்று பாய்சான் பரவலை அப்படியே நம்பிக் கணக்கிட்டால், 5,404 நிகழ்வுகளுக்கு இடைவெளி சுமார் 1.09 முதல் 1.21 வரை வரும். மிகக் குறுகலான, மிக உறுதியான இடைவெளி. கட்டுரையில் வெளியானது 1.02 முதல் 1.30 வரை. மடக்கை அளவில் இது இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். அகலம் இரண்டேகால் மடங்கானால், தகவல் சுமார் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள்: 5,404 விழுதல்கள் சேர்ந்து, ஒன்றையொன்று சாராத ஆயிரத்துச் சொச்ச நிகழ்வுகளின் எடையைத்தான் தருகின்றன. விழுந்த ஒவ்வொருவரும் சராசரியாக மூன்று முறைக்கும் மேல் விழுந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

அதே கட்டுரையில் எலும்பு முறிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 171 முறிவுகளும் 135 முறிவுகளும். வீத விகிதம் 1.26, வெளியான இடைவெளி 1.00 முதல் 1.59. இதற்கும் எளிய பாய்சான் கணக்கைப் போட்டால் 1.01 முதல் 1.58 என்று வருகிறது. கிட்டத்தட்ட அதேதான்! ஒரே பெண்ணுக்கு எலும்பு திரும்பத் திரும்ப முறிவது அரிது; ஆகவே முறிவுகளை எண்ணுவதும் ஆட்களை எண்ணுவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஒரே ஆய்வு, அதே பெண்கள், அதே ஆண்டுகள். ஒரு விளைவின் இடைவெளி எளிய கணக்கிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது, மற்றது அசையக்கூட இல்லை. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், ஆளுக்கு ஆள் விழும் போக்கு வேறுபடுவதையும் கணக்கில் எடுக்கும் நெகட்டிவ் பைனாமியல் மாதிரி எதற்கு என்று மாணவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் எண்பது வயதைக் கடந்த 233 பெண்களிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளிவந்த ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தின் ஆய்வில் இது இன்னும் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கிறது. பயிற்சிக் குழுவில் ஆண்டுக்குச் சராசரி 0.87 விழுதல், திட்ட விலக்கம் 1.29, ஒப்பீட்டுக் குழுவில் சராசரி 1.34, திட்ட விலக்கம் 1.93. பாய்சான் பரவலில் திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலமாக இருக்க வேண்டும், அதாவது 0.93-உம் 1.16-உம். உண்மையில் கண்டது அதைவிட மிக அதிகம். இந்தத் துறைக்குள் நெகட்டிவ் பைனாமியலைப் பரிந்துரைத்தவர்களில் அந்த ஒட்டாகோ குழுவினரும் அடக்கம். தங்கள் தரவின் இந்த ஒழுங்கீனத்தை நேரில் பார்த்தவர்கள் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது. பழைய கட்டுரை ஒன்றில் விழுதல் வீதத்துக்கு அசாதாரணமாகக் குறுகிய இடைவெளியைப் பார்த்தால், நான் உடனே முறையியல் பகுதியைப் புரட்டி எந்த மாதிரியைப் பயன்படுத்தினார்கள் என்று தேடுவது இதனால்தான்.

ஆட்களை எண்ணுவதா, தடவைகளை எண்ணுவதா என்பது துல்லியத்தை மட்டும் பாதிப்பதில்லை, கேள்வியையே மாற்றிவிடுகிறது. பல காரணிகளை மதிப்பிட்டு அவரவருக்கு ஏற்பச் சிகிச்சை தரும் திட்டங்களைப் பற்றிய 2018 காக்ரேன் மீளாய்வில், விழுதல் வீதத்துக்கான விகிதம் 0.77, இடைவெளி 0.67 முதல் 0.87. அதே மீளாய்வில், ஒருமுறையாவது விழுந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணித்த இடர் விகிதம் 0.96, இடைவெளி 0.90 முதல் 1.03. முதலாவதைப் படித்தவர் 'வேலை செய்கிறது' என்பார், இரண்டாவதைப் படித்தவர் 'வேலை செய்யவில்லை' என்பார். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியிருக்கிறது: அடிக்கடி விழுகிறவர் ஆறு முறைக்குப் பதில் மூன்று முறை விழுந்தால் வீதம் குறையும், ஆனால் அவர் இன்னும் 'விழுந்தவர்' பட்டியலில்தான் இருப்பார். இரண்டு தொகுப்புகளிலும் அடங்கிய ஆய்வுகள் முழுக்க ஒன்றல்ல என்பதையும், வீதத் தொகுப்பில் ஆய்வுக்கு ஆய்வு இருந்த வேறுபாடு மிக அதிகம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு எந்த எண் முக்கியம் என்று கேட்டால், நான் வீதத்தைத்தான் சொல்வேன். மருத்துவமனை நிர்வாகி வேறு விடை சொல்லக்கூடும்.

ஒன்றை உள்ளடக்கிய மூன்று இடைவெளிகள்

'சிக்னிஃபிகன்ட் இல்லை' என்ற ஒரே முத்திரை எத்தனை விதமான செய்திகளின் மேல் குத்தப்படுகிறது என்பதற்கு மூன்று இடைவெளிகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது நாம் பார்த்த சிட்னியின் 0.56 முதல் 1.17. மற்ற இரண்டும் 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த பெரிய ஆய்வுகள்.

அமெரிக்காவின் ஸ்ட்ரைட் ஆய்வில் 86 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த 5,451 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் ஒவ்வொருவருடைய ஆபத்துக் காரணிகளையும் மதிப்பிட்டுத் திட்டம் வகுத்தார். கடுமையான காயத்தை உண்டாக்கிய முதல் விழுதல் நூறு ஆள்-ஆண்டுக்கு 4.9, ஒப்பீட்டுக் குழுவில் 5.3. இங்கே கொடுக்கப்பட்டது ஹசார்ட் விகிதம், 0.92, இடைவெளி 0.80 முதல் 1.06. முதல் நிகழ்வை மட்டும் எண்ணுவதால் இது வீத விகிதத்தின் நெருங்கிய உறவினர். படிக்கும் முறை ஒன்றேதான். இங்கிலாந்தின் ப்ரீஃபிட் ஆய்வில் 63 பொதுமருத்துவ நிலையங்கள், 9,803 பேர். அஞ்சலில் அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு, கூடுதலாக ஆபத்தைச் சலித்தறிந்து தேவைப்பட்டவர்களுக்கு உடற்பயிற்சி அல்லது பல்காரணிச் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்டார்கள். எலும்பு முறிவு வீத விகிதம், உடற்பயிற்சிக்கு 1.20, இடைவெளி 0.91 முதல் 1.59, பல்காரணிச் சிகிச்சைக்கு 1.30, இடைவெளி 0.99 முதல் 1.71.

சிட்னியின் இடைவெளி, 44 சதவீதக் குறைவிலிருந்து 17 சதவீத அதிகரிப்பு வரை எதுவும் தரவோடு பொருந்தும் என்கிறது. அதைப் படித்து 'பயன் இல்லை' என்று சொல்வது, பாதி வெளிச்சத்தில் ஆளைப் பார்த்துவிட்டு 'யாரும் இல்லை' என்று சொல்வதற்குச் சமம். ஸ்ட்ரைட் ஆய்வு 20 சதவீதக் குறைவைக் கண்டறியும் அளவில் திட்டமிடப்பட்டது. அதன் இடது ஓரம் சரியாக அங்கே, 0.80-இல் நிற்கிறது. எதிர்பார்த்த பெரிய பயன் வந்துவிடவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சிறிய பயன் ஒன்று இருக்கக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது. ஓராண்டில் ஆயிரம் முதியவர்கள் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால், சுமார் பதினொரு கடுமையான காயங்கள் குறைவதிலிருந்து மூன்று கூடுவது வரை. நடுவில் நான்கு குறைவு. இந்த வடிவத்தில் சொன்னால் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரி தன் கேள்வியைத் தானே கேட்க முடியும்: நான்கு காயங்களைத் தடுக்க இத்தனை செவிலியர் நேரம் தகுமா? 0.92 என்ற தசமத்தை வைத்துக்கொண்டு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ப்ரீஃபிட்டின் 0.99 முதல் 1.71 என்பது முற்றிலும் வேறு ரகம். இதிலும் ஒன்று இருக்கிறது, ஆகவே இதுவும் 'வேறுபாடு இல்லை' பட்டியலில் சேரும். ஆனால் இதன் மிக நல்ல முனையைப் பிடித்தால்கூடக் கிடைப்பது ஒரு சதவீதக் குறைவு; மோசமான முனையில் 71 சதவீத அதிகரிப்பு. முறிவுகளைக் குறைக்கும் என்று எதிர்பார்த்துச் செய்த ஒன்றுக்கு இது மிகத் தெளிவான விடை: அந்த மக்களிடம், அந்த முறையில் செய்தபோது, குறிப்பிடத்தக்க பயன் இருந்ததாகக் கொள்ள இந்த இடைவெளி இடமே கொடுக்கவில்லை. தீங்கு செய்தது என்று சொல்லவும் அது முழுமையாகப் போதாது. கடுமையான விளைவுகளைப் பார்க்கும் ஆய்வுகளில் சலித்தறிதல், ஆளைத் தேர்ந்தெடுத்தல், சிகிச்சையை அவர்கள் உண்மையில் பின்பற்றுதல் என்று பல கட்டங்கள் இருப்பதால், எந்தக் கட்டத்தில் பயன் கசிந்துபோனது என்பதை இடைவெளி சொல்லாது. அது சொல்வது விளைவின் அளவைப் பற்றி மட்டும்.

இங்கே ஒரு பழைய எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இந்த இடைவெளிகளை 1937-இல் முறைப்படுத்திய புள்ளியியலாளர் நெய்மனின் பார்வையில், 95 சதவீதம் என்பது முறையின் பண்பு. இதே முறையில் மீண்டும் மீண்டும் ஆய்வு செய்தால் நூற்றில் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கும். கையிலிருக்கும் இந்த ஒரு இடைவெளிக்குள் உண்மை இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு என்று அவர் சொல்லவில்லை. பாடப்புத்தகங்கள் இதை அழுத்தமாகச் சொல்கின்றன, பிறகு மருத்துவர்கள் அதை மதிக்காமல் படிக்கிறார்கள், பிறகு நாங்கள் திருத்துகிறோம். என் கருத்தில் இந்தத் திருத்தத்துக்கு நாம் செலவிடும் நேரம் அதிகம். இடைவெளிக்குள் உள்ள மதிப்புகள் தரவோடு ஓரளவு ஒத்துப்போகின்றன, நடுவில் உள்ளவை ஓரங்களைவிட நன்றாக ஒத்துப்போகின்றன என்ற அளவில் படித்தால் பெரிய பிழை ஏதும் வராது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மாதாந்திர நாள்காட்டியில் விழுந்த நாளைக் குறிக்க மறந்துவிட்டவர், தாம் பயிற்சிக் குழுவில் இருப்பது தெரிந்ததால் சிறு சறுக்கலை விழுந்ததாகச் சொல்லாதவர், பாதியில் விலகிப்போனவர், இவர்களில் எவரும் அந்த இரண்டு எண்களுக்குள் இல்லை. சிட்னியில் கண்டது, தரையில் அமர்ந்தெழுவதும் குந்தி உட்காரும் கழிப்பறையும் வழக்கமாக உள்ள நம் வீடுகளுக்குப் பொருந்துமா என்பதும் அதற்குள் இல்லை. இடைவெளி அளப்பது சமவாய்ப்பால் வந்த நிச்சயமின்மையை மட்டும்.

தொட்டாலும் முடிவெடுக்கலாம்

ஓரம் ஒன்றைத் தொடுகிறதா என்று பார்ப்பது இவ்வளவு குறைவாகச் சொல்லுமானால், முடிவு எடுப்பது எப்படி என்று அந்தக் கூட்டத்தின் இளம் மருத்துவர் பிறகு ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. வைட்டமின் டி ஆய்வின் எலும்பு முறிவு இடைவெளியை அவருக்குக் காட்டினேன்: 1.00 முதல் 1.59. இதைவிட நெருக்கமாக ஒன்றைத் தொடுவது கடினம். அவருடைய பழைய வழக்கப்படி இரண்டு தசம இடத்துக்கு எழுதினால் இது எந்த நிறத்தில் விழும் என்பதே தெளிவில்லை. P மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லையென்றால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரிய இருக்கும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே இருந்தால் சிக்னிஃபிகன்ட் என்பார்கள்) 0.047 என்று கட்டுரை கூறுகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை. சிறந்த முனையில் முறிவு குறையவில்லை. மோசமான முனையில் 59 சதவீதம் கூடுகிறது. முறிவைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்பட்ட மருந்து இது. வலது ஓரமும் இடது ஓரமும் ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கின்றன; நடுவில் எங்கே உண்மை இருந்தாலும் அந்த மருந்தை அந்த அளவில் கொடுக்கக் காரணம் இல்லை. இரண்டு ஓரங்களும் வெவ்வேறு முடிவுகளைக் கோரும்போதுதான், சிட்னியில் நடந்ததைப் போல, கூடுதல் தரவு தேவைப்படுகிறது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுவல்ல. விழுதல்கள் மருந்து கொடுத்த உடனே கூடினவா, ஆண்டு முழுவதும் பரவலாகக் கூடினவா என்று அவர்கள் பிற்பாடு பிரித்துப் பார்த்தார்கள். மருந்தெடுத்த முதல் மூன்று மாதங்களில் வீத விகிதம் 1.31, அடுத்த ஒன்பது மாதங்களில் 1.13. ஒன்று சிக்னிஃபிகன்ட், மற்றொன்று இல்லை என்று தனித்தனியே முத்திரை குத்தி, முதல் மூன்று மாதங்கள்தான் ஆபத்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பதுதான். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1.31-உம் 1.13-உம் ஒன்றிலிருந்து ஒன்று உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று நேராகச் சோதித்து, அதன் p மதிப்பு 0.02 என்று எழுதினார்கள். முன்கூட்டியே திட்டமிட்ட பகுப்பாய்வு அல்ல இது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள்.